எந்தக் கப்பலின் கதை? இளையோர் வரலாற்று நாவலுக்கு நான்கு களங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூடும் எங்கள் வாசகர் வட்டம், 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக ஒரு வரலாற்று நாவலை எழுதுவித்து வெளியிடுவதென்று முடிவு செய்திருக்கிறது. பிழைக்கப்போன மண்ணில் அயலார் என்று ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை என்பது வரை கருத்து வேறுபாடு இல்லை. எழுத ஒப்புக்கொண்டவர் புதுச்சேரியில் பணியாற்றும் ஒரு பள்ளி ஆசிரியை. எந்த நாட்டை, எந்த ஆண்டுகளை எடுத்துக்கொள்வது என்பதில்தான் உறுப்பினர்கள் நான்காகப் பிரிந்து நிற்கிறார்கள். ரெயூனியன், குவாதலூப் முதலிய பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள் என்கிறார்கள் சிலர். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்கிறார்கள் வேறு சிலர். பிரெஞ்சு ஆட்சிக்காலச் சைகோன் என்பது மூன்றாவது யோசனை. இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியோர் என்பது நான்காவது. இந்நான்கையும் சீர்தூக்கி ஒன்றைப் பரிந்துரைப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, அந்த வரலாற்றில் ஒரு சிறுமியோ சிறுவனோ செய்வதற்கு ஏதேனும் இருந்ததா என்பது. அடி வாங்குவதும் அழுவதும் மட்டுமே பிள்ளையின் பங்கு என்றால் அந்தக் கதை இரக்கத்தை உண்டாக்கும்; 300 பக்கம் படிக்க வைக்காது. இரண்டாவது, இழிவுபடுத்தியவர் யார் என்பது. கொடியவன் எப்போதும் வெள்ளைக்காரத் துரையாகவே இருந்தால், இங்கே படிக்கும் பிள்ளை எவ்விதச் சங்கடமும் இல்லாமல் நல்லவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது, நுண்விவரம். என்ன சாப்பிட்டார்கள், கையில் என்ன காகிதம் வைத்திருந்தார்கள், எந்தச் சொல்லால் ஏசப்பட்டார்கள் என்பவை கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் பாத்திரங்கள் தமிழில் பேசுவது இயல்பாக இருக்க வேண்டும். இம்மூன்றில் இரண்டாவதற்கே நான் அதிக எடை தருகிறேன். எல்லா உறுப்பினரும் அதை ஏற்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரி உறுப்பினர்களின் முதல் விருப்பம் பிரெஞ்சுத் தீவுகள். காரணம் வெளிப்படை: கப்பல் அவர்கள் ஊரிலிருந்தே புறப்பட்டது. 1848இல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்த பிறகு, கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைகளாயின. ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853இல் கரீபியத் தீவான மார்த்தினிக்கிலும் 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் முதல் இந்தியர்களை இறக்கியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ மூன்று மாதப் பயணம். 1860, 1861ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலும் ஆள் திரட்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு வழி கிடைத்தது. தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம் குறித்த புகார்கள் மலிந்த பின்னர், 1882இல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதைப் பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது.

கடற்பயணம் வரை இந்தக் கதை தானாகவே ஓடும். கரையிறங்கிய பின் திணறும். தோட்டத்துக்குள் நடந்ததைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் முதலாளிகளும் அதிகாரிகளும் எழுதி வைத்தவை. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்ட ஒரு குடும்பத்தின் பிள்ளைக்கு வெட்டிய கரும்பைக் கட்டுவதைத் தவிர அந்த ஏடுகளில் வேறு வேலை இல்லை. அடுத்த தலைமுறை கிரெயோல் என்னும் தீவின் கலப்பு மொழியைப் பேசத் தொடங்கிவிட்டது, ஞானஸ்நானத்தோடு பெயரும் மாறியது. ஆகவே 1880க்குப் பிந்தைய உரையாடலைத் தமிழில் எழுதுவதே ஒரு பாவனையாகிவிடும். இக்களத்தில் என்னை உண்மையாகவே கவர்ந்தது ஒருவருடைய வாழ்க்கைதான். 1863இல் குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம், அத்தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 1904இல் தொடங்கிய வழக்கை 1923 வரை விடாமல் நடத்தி வென்றார். 19 ஆண்டுகள்! ஆனால் அது நடுவயதைத் தாண்டிக்கொண்டிருந்த ஒருவர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய கதை. பெரியவர்களுக்கான நாவலாக யாரேனும் எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன். 14 வயதுப் பிள்ளையிடம் கொடுக்க மாட்டேன்.

நேட்டாலுக்கு வாதாடுகிறவர்கள் கடலூர்க்காரர்கள். அவர்களிடமும் வலுவான காரணம் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியது முதற்கொண்டு, வந்து இறங்கிய ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை பதிவேட்டில் எழுதப்பட்டன. அப்பட்டியல்களில் தென்னாற்காடு மாவட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த மாவட்டத்தின் தலைநகரம் கடலூர். தன் தாத்தாவின் ஊர் பெயரை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி சிதைத்து எழுதிய நிலையில் ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும் வாய்ப்பு வேறு எந்தக் களத்திலும் இவ்வளவு இல்லை.

அதைவிடப் பெரிய பலம், சட்டமே ஒரு சிறுமியைக் கதைக்குள் இழுத்து வருவது. ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்குத் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல் தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் நேட்டால் அரசு சட்டம் இயற்றியது. சில ஆண்டுகளுக்குப் பின் அவ்வரி பிள்ளைகள் மீதும் விழுந்தது: ஆணுக்கு 16 வயதிலிருந்து, பெண்ணுக்கு 13 வயதிலிருந்து. ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதலாண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். 3 பவுன் என்பது 60 ஷில்லிங். அதாவது தகப்பன் முதலாண்டில் ஆறு மாதம் உழைத்துப் பெற்ற சம்பளத்துக்குச் சமமான தொகையை, 13 வயது நிரம்பிய மகள் அங்கே வாழ்வதற்காகவே ஆண்டுதோறும் கட்ட வேண்டும். இப்படி ஒரு பிறந்தநாளில் தொடங்கும் நாவலை எந்தப் பதிப்பாளரும் திருப்பி அனுப்ப மாட்டார். 1913 மார்ச்சில் கிறித்தவ முறையல்லாத திருமணங்கள் செல்லாது என்னும் பொருள்படத் தீர்ப்பு வந்தது. அக்டோபரில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் திரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தனர். அப்போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான சில நாட்களில் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவருக்கு வயது 16. முதல் அளவுகோலை இதைவிட முழுமையாக நிறைவேற்றும் களம் கிடையாது.

எனினும் எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. ஒன்று, காந்தியின் நிழல். அவர் மேடையில் ஏறிய கணமே மற்றவர்கள் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். முடிவு பாடப்புத்தகத்திலிருந்தே பிள்ளைகளுக்குத் தெரியும். வள்ளியம்மையின் மரணத்தைப் பற்றி ஆண்டு விழாப் பேச்சுப் போட்டிகளில் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துவிட்டது. இன்னொன்று இதைவிடக் கடுமையானது. அதே 1913இல்தான் கறுப்பின மக்கள் நிலம் வாங்குவதை மிகச் சிறிய ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் அடக்கிய நிலச் சட்டம் வந்தது. அம்மண்ணின் மக்களைப் பற்றி இந்தியர்கள் பலர் அன்று கொண்டிருந்த எண்ணம் வெள்ளையர்களின் எண்ணத்திலிருந்து வெகுதூரம் விலகியதன்று. இதை எழுதாமல் விட்டால் இனவெறிக்கு எதிரான நாவல் பாதிப் பார்வையோடு நிற்கும். எழுதுவதென்றால் அந்நாட்டு வரலாற்றில் பல ஆண்டுகள் தோய்ந்தவராக இருக்க வேண்டும். நம் ஆசிரியைக்கு ஒரு கோடை விடுமுறையும் சில சனிக்கிழமைகளும்தான் கையில் இருக்கின்றன.

இடையில் ஒன்று. பர்மா ஏன் பட்டியலில் இல்லை என்று சிலர் கேட்டார்கள். 1930 மே மாத ரங்கூன் கலவரம், 1941 டிசம்பர் 23இன் குண்டுவீச்சு, அதைத் தொடர்ந்து காட்டு வழியே லட்சக்கணக்கானோர் நடந்துவந்த 1942ஆம் ஆண்டு, பிறகு 1964இல் கடைகள் அரசுடைமையாகி 50, 100 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமற்போனது என்று அங்கே நாவலுக்கு வேண்டிய எல்லாமும் இருக்கிறது. ஆனால் அந்நடைப்பயணத்தைப் பற்றித் தமிழில் முன்பே எழுதியிருக்கிறார்கள், இனியும் எழுதுவார்கள். நாம் ஒரே ஒரு நூல் வெளியிடப்போகிறவர்கள் என்பதால் நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

சைகோனுக்கு வருவோம். உண்மையைச் சொன்னால் என் மனம் முதலில் சாய்ந்தது இதன் பக்கம்தான். பிரெஞ்சுக்காரர்கள் 1859இல் சைகோனைப் பிடித்த பின், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிறந்தவர்கள் அங்கே எழுத்தராக, வரி வசூலிப்பவராக, தபால் ஊழியராக, சிறைக் காவலராகப் போனார்கள். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, தம் சாதி, சமயம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கும் இந்தியருக்குப் பிரெஞ்சுக்காரருக்குரிய குடிமை நிலையை அளித்தது. அவ்வாறு துறந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவரும் கணிசமானோர். ஐரோப்பியச் செருப்பு அணிந்து நீதிமன்றத்தில் நின்றதற்காக 1873இல் தண்டிக்கப்பட்டு, பாரிசின் உயர் நீதிமன்றம் வரை சென்று வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பியின் ஊரல்லவா புதுச்சேரி! ஊரில் தெருவழியே செருப்போடு நடக்க முடியாத ஒருவருடைய மகன் சைகோனில் வாக்குரிமையுள்ள குடிமகனாக, வியட்நாமியரிடம் வரி வசூலிக்கும் அரசு ஊழியனாக நிற்கிறான். சந்தையில் மீன் விற்கும் பெண் அவன் முதுகுக்குப் பின்னால் என்ன சொன்னாள் என்பதே நாவலின் முதல் அத்தியாயமாகலாம். ஒருவனே ஒரு துறையில் இழிந்தவனாகவும் மறு துறையில் ஆள்பவரின் கையாளாகவும் இருப்பதைக் காட்டும் களம் நமக்கு இதைவிட்டால் வேறு இல்லை.

காலத்தைச் சற்றுப் பிந்தி வைத்தால் கதை இன்னும் இறுகும். 1954 மே 7 அன்று வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று புதுச்சேரி அருகே கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று புதுச்சேரியில் நிர்வாகம் கைமாறியது. தகப்பன் பிரெஞ்சுப் படையில் சொல்தா (சிப்பாய்), தாய் வியட்நாமியப் பெண் என்றால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆறே மாதத்தில் இரண்டு ஊரிலும் கொடி இறங்கிவிடுகிறது. புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த அத்தகைய குடும்பங்களை அவ்வூர்க்காரர்கள் அறிவார்கள். அவ்வீடுகளின் நெம் என்னும் வியட்நாமியப் பொரித்த சுருள் இன்றும் புதுச்சேரியில் சாப்பிடக் கிடைக்கிறது. கண்ணின் அமைப்பைச் சொல்லிக் கேலி செய்யும் வகுப்புத் தோழர்கள், மருமகளின் மீன் சாற்றை அடுக்களைக்குள் விடாத மாமியார், தகப்பனுக்கு மாதந்தோறும் வரும் பிரெஞ்சு ஓய்வூதியத்தின் மீது பொறாமைப்படும் அண்டை வீட்டார் என்று எல்லாரும் ஒரே தெருவில் கிடைப்பார்கள்.

பிறகு ஏன் இதைப் பரிந்துரைக்கவில்லை? மூன்று மொழிகள் தெரியாமல் இந்நாவலை நேர்மையாக எழுத முடியாது. சைகோன் வாழ்க்கையின் அரசு ஆவணங்கள் பிரெஞ்சில் இருக்கின்றன. தெருவின் பேச்சு வியட்நாமிய மொழியில் இருந்தது. தமிழில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் குடும்ப நினைவுதான், குடும்ப நினைவு தன் தாத்தாவை ஒருபோதும் வரி பிடுங்குகிறவராகக் காட்டாது. வியட்நாமியத் தாய்தான் கதையின் அச்சு. அவளை ஊமையாக்கிவிட்டு, சமையலும் கண்ணீருமாக மட்டும் எழுதினால், அவளை ஒதுக்கிய தெரு செய்ததையே நாவலும் செய்ததாகும். மேலும் குடியேற்ற ஆட்சி, சாதி, குடியுரிமை, கலப்புத் திருமணம் என்று நான்கு முடிச்சுகளை 13 வயது வாசகருக்குத் தெளிவாக அவிழ்த்துக் காட்டுவது அனுபவமுள்ள நாவலாசிரியருக்கே கடினம். 16, 17 வயதினருக்கென்று தனியாக ஒரு நூல் திட்டமிடும் நாளில் இதையே முதலில் எடுக்க வேண்டும். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஒருவரும், அக்குடும்பங்களில் பிறந்த ஒருவரும் சேர்ந்து எழுதினால் நன்று.

நான்காவது களமான மலையகம் கூட்டத்தில் மிகக் குறைந்த ஆதரவைப் பெற்றது. கப்பல் பயணம் சில மணி நேரம், அயல்நாடு என்ற கவர்ச்சி இல்லை, அரசியல் சிக்கல் வேறு என்றார்கள். இவை மூன்றும் உண்மை. ஆயினும் நான் இதையே பரிந்துரைக்கிறேன்.

வரலாற்றுச் சட்டகம் எளிது, 13 வயதில் புரியக்கூடியது. முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக 19ஆம் நூற்றாண்டில் கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழர்களின் பேரப்பிள்ளைகள், இலங்கை விடுதலை பெற்ற அதே 1948இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாமல் ஆனார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று பங்கிட்டது. அந்த எஞ்சியோரையும் 1974இல் இரண்டு அரசுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இதில் எங்கும் அம்மக்களை ஒரு சொல் கேட்கவில்லை. உடன்படிக்கை எழுதி இரண்டு மாதம் முடிவதற்குள் டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பின் தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் இராமேசுவரத்தில் ஆள் இறக்கியது, 1984 வரை.

எந்த நாடு வேண்டும் என்று விண்ணப்பம் எழுதுவது ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் பிளவை உண்டாக்கிற்று. தாத்தாவுக்கு இந்தியா, சித்தப்பாவுக்கு இலங்கை, திருமணமாகிப்போன அக்காவுக்குக் கணவன் வீட்டார் எழுதிய நாடு. இங்கேதான் பிள்ளைக்கு வேலை வருகிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் அரிதான லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீட்டில், தோட்டப் பள்ளியில் சில வகுப்புகள் படித்த சிறுமியே படிவத்தை வாசித்துச் சொல்கிறாள். எதை எழுத வேண்டும் என்று பெரியவர்கள் அவள் முகத்தைப் பார்க்கிறார்கள். தன் வயதுக்கு மீறிய ஒரு முடிவில் அவள் கை பட்டுவிடுகிறது. நாவல் முழுவதும் அவள் அதைச் சுமப்பாள். நேட்டால் சிறுமியின் 13ஆம் பிறந்தநாளுக்கு இந்தக் காட்சி இளைத்ததன்று என்றே நினைக்கிறேன்.

இனி என் இரண்டாவது அளவுகோல். இலங்கையில் இவர்களைக் ‘கள்ளத்தோணி’ என்றார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழரில் சிலர் ‘தோட்டக்காட்டான்’ என்றார்கள். இராமேசுவரம் அருகேயுள்ள மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டு ஊர்களுக்கு வந்தபோது ‘சிலோன்காரன்’ ஆனார்கள். மூன்றாவது சொல்லைச் சொன்னவர்கள் நம் தாத்தா பாட்டிகள். வேறு எந்தக் களத்திலும் கடலூர் வாசகர் இவ்வாறு மாட்டிக்கொள்வதில்லை. துரையையும் வெள்ளை நீதிபதியையும் வெறுப்பது எளிது. தன்னுடைய மொழியையே பேசி, தன்னுடைய மாரியம்மனையே கும்பிட்டு, ‘ஊருக்குத் திரும்புகிறோம்’ என்று நம்பி வந்த ஒரு சிறுமியிடம் வீடு வாடகைக்கு இல்லை என்று சொன்ன தெருவை வெறுப்பது எளிதன்று. ரயிலைக் கோச்சி என்றும் அறையைக் காம்பரா என்றும் சொல்லும் அவள் வகுப்பில் வாய் திறந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்த பிள்ளைகளில் ஒருத்தியின் பெயரும் வீடும் நமக்குத் தெரிந்த தெருவில் இருக்கட்டும்.

நுண்விவரத்துக்குப் பஞ்சமில்லை. விடியலில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போவது, முதுகில் கூடை கட்டிக் கொழுந்து பறிப்பது, 1973, 1974 ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்கள் பட்டினி கிடந்தது, மண்டபத்தில் நாள் கணக்கில் காத்திருந்தது என்று எல்லாவற்றையும் நேரில் கண்டவர்கள் இருக்கிறார்கள். 1970களில் 12, 13 வயதில் வந்தவர்கள் இன்று அறுபதுகளில் இருக்கிறார்கள். நீலகிரியில் இவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் பின்னர் டான்டீ என்னும் அரசு நிறுவனம் ஆயின. கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில் அக்குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்கென்று 1969இல் தோன்றியதுதான் ரெப்கோ வங்கி. பல ஊர்களில் அதன் பலகையைப் பார்த்திருந்தும் அதன் பிறப்பை அறியாதவர்கள் நம்மில் பலர். தேயிலை தவிர வேறு தொழில் அறியாதவர்களில் பெரும்பாலோர் கையில் வியாபாரக் கடன் என்ற பெயரில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, பார்த்திராத சமவெளி ஊர்களுக்கு அனுப்பினார்கள். வெயிலுக்கும் வணிகத்துக்கும் பழகாத ஒரு தகப்பன் திருப்பாதிரிப்புலியூர் போன்ற ஓரிடத்தில் பெட்டிக்கடை வைத்து, கணக்குத் தெரியாமல், கடன் கேட்கும் வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லத் தெரியாமல் அந்தக் கடையை இழப்பதை ஆசிரியை கடலூர்த் தெருக்களில் நடந்தே எழுதிவிடலாம். ஆய்வுக்கான செலவு ஊட்டி பேருந்துச் சீட்டோடு முடிந்துவிடும் என்பதும் ஒரு சிறு வட்டத்துக்குக் கணக்கில் கொள்ள வேண்டியதே.

எதிர்ப்புகளைத் தட்டிக்கழிக்க முடியாது. மலையகத்துக்கென்று சொந்த எழுத்தாளர்களும் வலுவான இலக்கியமும் உண்டு. நாம் வெளியிலிருந்து போகிறவர்கள். ஆகவே தோட்டத்தில் நாவலைத் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. கதை இராமேசுவரத்தில் கப்பல் கரைசேரும் காலையில் தொடங்கட்டும். தோட்டம் அச்சிறுமியின் நினைவாக, அவள் சொல்லும் அளவில், துண்டு துண்டாக வரட்டும். அப்போது நமக்குத் தெரிந்த நிலம் முன்னே நிற்கும், தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்ட வேண்டிய தேவை குறையும். அரசியல் சிக்கல் என்பதற்கும் இதுவே பாதி விடை. சிங்களர் அனைவரையும் கொடியவராக்கும் வாய்ப்பு இந்த அமைப்பில் இல்லை. அவளோடு படித்த ஒரு சிங்களத் தோழிக்கு அவள் எழுதும் கடிதங்களுக்கு இடமுண்டு. இன்றைய முகாம் அகதிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, கதை 1983 ஜூலை இனக்கலவரத்துக்கு முன்பே முடிந்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டு நிகழ்ச்சிகளில் சாதியை மறைக்கவும் கூடாது. திரும்பியோரில் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டதற்குச் ‘சிலோன்’ மட்டுமே காரணமாக இருந்ததில்லை.

கூட்டத்தில் நேட்டாலையே வலியுறுத்தும் உறுப்பினர்கள் பெரும்பான்மையாக இருந்தால், என் மறுப்பு தடையாக நிற்காது; அப்போது காந்தியை ஒரு காட்சியில்கூட நேரில் கொண்டுவராமல், 3 பவுன் வரிக்கும் ஒரு குடும்பத்துக்கும் இடையே மட்டும் கதையை நடத்துமாறு கேட்டுக்கொள்வேன். பிரெஞ்சுத் தீவுகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். மலையகம் என்று முடிவானால், முதல் வரைவு எழுதும் முன்பே ஆசிரியை நீலகிரிக்குச் சென்று, அவ்வயதில் வந்த சிலருடன், குறிப்பாகப் பெண்களுடன், உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர்கள் நேரத்துக்கு வட்டம் மதிப்பூதியம் தர வேண்டும். அச்சுக்குப் போகுமுன் வரைவை அவர்களுக்கே படித்துக்காட்ட வேண்டும். நூலின் கடைசியில் எது நடந்தது, எது புனைவு என்று மூன்று பக்கத்துக்கு மிகாமல் ஒரு குறிப்பும், தலைமன்னார், இராமேசுவரம், மண்டபம், நீலகிரி, கடலூர் ஆகியவற்றைக் காட்டும் ஒரு வரைபடமும் இருந்தால் போதும். இதற்கான செலவுக் கணக்கை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்.